மாமனார் அறைக் கதவு

எங்கள் படுக்கையறைக் கதவு நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தொங்கிப்போய்க் கிடக்கிறது. தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது. துணி மாற்றவேண்டுமென்றால் நாற்காலியை முட்டுக்கொடுக்க வேண்டும். என் மானத்தைக் காத்தது அந்த நாற்காலிதான், தாலி கட்டினவர் இல்லை.

கேட்டால், "லாரி ஆபீஸ்ல பில் போடுறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்பார். ஆசாரியைக் கூப்பிடச் சொன்னால், "தண்டச் செலவு. நம்ம வீட்டு ஆளுங்கதானே, யாருக்கு மறைக்கிற?" என்பார்.

போன மாதம் மாமனார் வாதம் வந்து படுத்தார். ஓயாத முனகல். அவர் அறைக் கதவும் அதே தொங்கல்தான். ஞாயிற்றுக்கிழமை இவர் ஸ்க்ரூ டிரைவரோடு அங்கே போனார். மேல் கீலைக் கழற்றினார். லொடலொடத்த துளைகளில் பசை தடவிய தீக்குச்சிகளைச் செருகி, நீள ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்கினார். நான் போட்ட காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கதவைச் சாத்தினார். முனகல் நின்றது.

"அப்பாடா, இனிமே நிம்மதியா டிவி பார்க்கலாம்" என்றார்.

"நம்ம ரூம் கதவு?"

"அதுக்கென்ன இப்ப அவசரம்?"

பாவம், தெரியாத மனுஷன் என்றுதான் இத்தனை வருஷமும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.