வீடியோவில் சாய்ந்த கதவு

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில், மேட்டடியில் இருந்த லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். தையல் சொல்லிக்கொடுக்கும் வீடியோ எடுக்க, மேசையில் வைக்கிற சின்ன ட்ரைபொட் ஒன்று வாங்கினேன். வளைகிற கால் கெமரா பாரத்தைத் தாங்காது என்று, குட்டை இரும்புக்கால் உள்ளதாகப் பார்த்து எடுத்தேன்.

மழை தொடங்கிய வாரம், வீடியோவில் எனக்குப் பின்னால் இருந்த கதவு இலேசாகச் சாய்ந்து தெரிந்தது. கெமராவை நேராக்கி வைத்தேன். மறுநாளும் சாய்ந்திருந்தது. வீடியோ எடுக்கும் அந்த அறையை, பிள்ளைகள் எதையும் தொடக்கூடாதென்று நான் பூட்டியே வைப்பேன். யாரோ உள்ளே வந்து கெமராவின் தலையைத் திருப்பிவிட்டுப் போவது போல் இருந்தது. தனியாக அங்கே போகவே பயந்தேன்.

"தலை லூசா இருக்குங்க, மாத்தித் தாங்க" என்று கடைக்கார நானாவிடம் கொண்டுபோனேன். அவர் தன் கெமராவை அதில் மாட்டி, அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"இதுல பிழை இல்ல தங்கச்சி. வச்ச இடத்தப் பாருங்க."

வீட்டுக்கு வந்து மேசையை நகர்த்தினேன். அதன் சுவரோரக் கால்கள் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை அமுங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மண் சரியப் போகிறது என்று விளங்கியது.

"பிள்ளைகளத் தூக்குங்க, போயிருவோம்" என்று கணவரிடம் கத்தினேன். கோயில் மண்டபத்துக்கு ஓடினோம். மறுநாள் மத்தியானம் பின்பக்க மேடு சரிந்து அந்த அறையை மூடிவிட்டது.

இப்போது வேறு லயத்தில் இருக்கிறோம். மழைக்காலத்தில் தினமும் காலையில் மேசை, கட்டில் எல்லாவற்றையும் நகர்த்தித் தரையைப் பார்த்த பிறகுதான் அடுப்பு பற்றவைக்கிறேன்.