பாத்துப் போட்டுக் குடுங்க

முப்பத்தைந்தாயிரம் என்ற சொல்லை ஒரு வாரமாக வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்த பிறகு நான்கு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கணபதி என்ற பகுதியில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் பம்புக்கு டிராயிங் போடும் வேலை. சம்பளம் முப்பதுக்குக் கீழே போனால், மகளை விடும் காப்பகத்துக்கும் ஸ்கூட்டர் பெட்ரோலுக்கும் கொடுத்தது போகப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ‘எதுக்குக் கண்ணு இந்த அலைச்சல்’ என்று அன்பாகச் சொல்லியே வீட்டார் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அன்பை இன்னொரு வருடம் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகளில் ஏழு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட வாயைத் திறந்து இவ்வளவு வேண்டும் என்று கேட்டதில்லை. முதல் வேலைக்குக் கூட வந்த அப்பா, ‘நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க’ என்று கைகூப்பிவிட்டார். இரண்டாவது வேலைக்குத் தனியாகப் போனேன். அதே வார்த்தையை நானே சொன்னேன், கை மட்டும் கூப்பவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் இது மரியாதை. குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவரிடம் எவ்வளவு என்று கேட்டால், ‘நீங்களே பாத்துக் குடுங்க’ என்பார். குறைத்துக் கொடுத்தால் என்ன நினைப்பாரோ என்று நாமே நூறு ரூபாய் சேர்த்து நீட்டுவோம். கொடுக்கிறவருக்கும் கூச்சம் இருந்தால்தான் அந்த வார்த்தை வேலை செய்யும். கம்பெனிகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது என்பது எனக்கு முப்பத்துநாலு வயதில்தான் உறைத்தது.

இந்தத் தடவை விடுவதில்லை என்று சமையலறையில் ஒத்திகை நடத்தினேன். வீட்டுக்காரர்தான் முதலாளி. நான் தொண்டையைச் செருமி, “முப்பத்தஞ்சு எதிர்பார்க்கறனுங்க சார்” என்றேன். “சரிங்க, நாளைக்கே வந்துருங்க” என்றார் அவர். இப்படி ஒரு முதலாளி உலகத்தில் எங்கே இருக்கிறார் என்று சண்டை போட்டேன். “நீ கேக்கறப்ப இல்லைன்னு எப்படிச் சொல்றது?” என்றார். அவரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

இன்டர்வியூ நன்றாகவே போனது. முதலாளி ஐம்பது வயதுக்காரர், தணிந்த குரலில் பேசினார். தப்போடு இருந்த ஒரு டிராயிங்கைக் கொடுத்து என்ன கோளாறு என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு என் விண்ணப்பத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

“சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க அம்மணி?”

“நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க சார்.”

என் குரல்தான். காதில் விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“பரவால்லீங்க, நீங்க சொல்லுங்க.”

“ஐயோ, நான் என்னத்தைங்க சொல்றது. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “சரிங்க, நாங்களே பாத்துச் செய்யறோம். நல்லபடியாப் போயிட்டு வாங்க” என்று காகிதத்தில் ஏதோ எழுதினார். நானும் பெரிய உபகாரம் செய்தவள் போலச் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். “நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு வந்தது கோபம். நாளைக் காலையும் மகளுக்கு இட்லி ஊட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்ததும் அழுகையும் வந்தது. போட்ட ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டரில் மாட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

“ஏனுங்க சார், ஒரு நிமிசமுங்க.”

“வாங்க. எதாச்சும் மறந்துபோட்டீங்களா?”

“ஆமாங்க. சம்பளத்தைச் சொல்ல மறந்துபோட்டேனுங்க. முப்பத்தஞ்சு.”

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். என் விண்ணப்பத்தின் மூலையில் இருபத்தெட்டு என்று எழுதி வட்டம் போட்டிருந்தது தலைகீழாகத் தெரிந்தது.

“அவ்வளவு முடியாதுங்களே. இருபத்தெட்டுன்னு நெனச்சிருக்கறேன்.”

“கட்டாதுங்க சார். இருபத்தெட்டுன்னா நான் வரலீங்க.”

சொல்லிவிட்டேனே தவிர, மேற்கொண்டு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவரும் பேசவில்லை. மேலே ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடியது. அந்த மௌனத்தை உடைத்து ‘சரி விடுங்க சார், உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“முப்பத்துமூணு. ஒண்ணாந்தேதி வந்துருங்க” என்றார். இருபத்தெட்டின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் புது எண்ணை எழுதினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அடுத்த ஆளின் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் படவில்லை. வாசல் தாண்டும்போதுதான் அந்தக் கோடு மனதை உறுத்தியது. அதைக் கிழிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏழு வருடம் நான் வேலை பார்த்த இடங்களிலும் யாராவது இப்படிப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.