ஆடியில் வீடு பார்க்கப் போனோம்: உக்கடத்திலிருந்து சூலூர் வரை

சூலூர்ப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, வாடகைக்கு வீடு பார்க்க வருகிறேன், எப்படி வருவது, எதை விசாரிப்பது என்று ஒரு தங்கை பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். இப்போதைய சூலூரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எனக்குத் தெரிந்தது 1999-ல், ஆடி பிறந்த மறுநாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஷமீமும் போன பயணம்தான். சுமார் இருபது கிலோமீட்டர் தூரம். இதையெல்லாம் பயணக் கட்டுரை என்று எழுதுவதா என்று சிரிக்காதீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன், திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அந்த ஒரு நாள்தான்.

ஷமீமும் நானும் அப்போது சூலூரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் டீச்சர்கள். என் வீடு சிங்காநல்லூர். அவள் வீடு உக்கடத்தை ஒட்டிய பழைய தெரு ஒன்றில். அவளும் அவள் அம்மாவும் மட்டும். முந்தைய வருஷம் ஊரில் குண்டுகள் வெடித்த பிறகு, அந்தத் தெருக்களின் முனையில் போலீஸ் சோதனை இருந்தது. வரிசை நீண்ட நாட்களில் அவளுக்குப் பஸ் போய்விடும். பள்ளி திறந்ததிலிருந்து பலமுறை தாமதம். இனி ஒருமுறை பிரேயர் முடிந்து வந்தால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வேன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டார். வேலை போனால் அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அதனால்தான் சூலூரிலேயே வீடு தேடினோம்.

"நீயும் வா சாந்தி. உம் மூஞ்சிக்காச்சும் காப்பி குடுப்பாங்க" என்றாள்.

காலை ஒன்பது மணிக்கு அவள் தெருமுனையில் காத்திருந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கு அவளை நன்றாகத் தெரியும். "ஏனுங்க டீச்சர், ஞாயித்துக்கிழமையும் இஸ்கூலுங்களா?" என்று கேட்டுக்கொண்டே பைக்குள் கையை விட்டார். குடை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை.

"தெனமும் இதே பைதானுங்க" என்றாள் ஷமீம்.

"தெரியுமுங்க. இருந்தாலும் பாக்கோணுமில்லீங்க."

அவரிடம் ஒரு கடுமையும் இல்லை. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தினமும் திறந்து திறந்து அந்தப் பையின் ஜிப் போய், ஊக்குப் போட்டிருந்தாள்.

உக்கடத்தில் பஸ் ஏறினால் சுங்கம், ராமநாதபுரம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் என்று திருச்சி ரோட்டிலேயே நேராகப் போகும். டிக்கெட் நான்கு ரூபாய் என்று ஞாபகம். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். ஆடிக் காற்றில் ஜன்னல் தகரம் எல்லாம் கடகடவென்று ஆடியது. முன் சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர், ஊருக்குள் இன்னும் நாலு இடத்தில் போலீஸ் போட வேண்டும் என்று கண்டக்டரிடம் சொன்னார். "போடலாமுங்க, உங்கூட்டு வாசல்ல போட்டா ஒத்துக்குவீங்களா?" என்றார் கண்டக்டர். பெரியவர் அதற்குப் பிறகு வாழைத்தார் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒண்டிப்புதூரில் இறங்கி முதல் வீட்டைப் பார்த்தோம். வீட்டுக்கார அம்மா எங்களைக் கண்டதுமே "வாங்க அம்மணி, உக்காருங்க" என்று காபி கொடுத்தார். சமையலறை, தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல் எல்லாம் காட்டினார். இந்த வாரமே வந்துவிடலாம் போல இருந்தது. கடைசியில்தான் பேரைக் கேட்டார். ஷமீம் சொன்னாள். அந்த அம்மாவின் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அவிக வந்தொடனே கேட்டுப்போட்டுச் சொல்லியனுப்பறேனுங்க" என்றார். கேட் வரைக்கும் வந்து, கொடியில் இருந்த மல்லிகையைப் பறித்து எங்கள் இருவருக்கும் கொடுத்தார்.

ரோட்டுக்கு வந்த பிறகு ஷமீம் கேட்டாள்: "எங்க சொல்லியனுப்பறதுன்னு அவங்க கேக்கவே இல்லையே, கவனிச்சியா?"

அடுத்த பஸ்ஸில் சூலூர். இரண்டாவது வீட்டில் காபிக்கு பதில் மோர். அங்கே வீட்டுக்காரரின் மகன் பொள்ளாச்சியிலிருந்து குடி வந்தாலும் வருவானாம். இன்னொரு தெருவில் காலி வீடு இருந்தது, ஆனால் ஆடியில் யாருக்கும் வீடு காட்டுவதே இல்லை என்றார்கள். ஆடி மாதம் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனி முடிவதற்குள் குடிவராத வீடு ஆவணி வரைக்கும் காலிதான். தேடும் அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது.

கலங்கல் போகும் ரோட்டில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில், மூன்று வீடுகள் சேர்ந்த ஒரு லைன் வீடு. கடைசி வீட்டின் கதவு காற்றில் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரி ருக்குமணியக்கா கயிறு கொண்டு அதைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் ஷமீமுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊடு பாக்க வந்தமுங்க. நாங்க முஸ்லீமுங்க. மொதல்லயே சொல்லிப்போட்டேன், இனி காப்பி குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டமுங்க."

ருக்குமணியக்கா கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார். "காப்பி கெடக்குது. ஆடியில குடி வருவீங்களா?"

"எங்களுக்கு ஆடியெல்லாம் கெடையாதுங்களே."

அவர் முகத்தில் கணக்கு ஓடியது அப்படியே தெரிந்தது. அதற்கு மேல்தான் விஷயம் வெளியே வந்தது. வீடு காலியாகி நாலு நாளாகிறது. அதற்குள் ராத்திரியில் யாரோ வந்து சீட்டாடுகிறார்கள். அடுத்த தெருவில் கிணற்று மோட்டாரையே கழற்றிப் போய்விட்டார்கள். "போலீசுக்குப் போனா, மோட்டாரு உங்களுதுதான்னு பில்லு இருக்குதான்னு நம்மளையே கேக்கறாங்க. இந்தப் பக்கம் ஒரு போலீசு எட்டிப் பாக்கறதில்லீங்க."

"எங்க தெருவுல நெறைய நிக்கறாங்க. ரெண்டு பேர இங்க அனுப்பச் சொல்லட்டுங்களா?"

ருக்குமணியக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டு, கறி வாசம் பக்கத்து வீடுகளுக்கு ஆகாது என்றார்.

"ஏனுங்க, நீங்க கறி எடுக்க மாட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டுமுங்க."

"டீச்சர் சம்பளத்துல நாங்களும் அவ்வளவுதானுங்க."

கடைசியில் அவர் சொன்னது இது: இப்போதைக்குச் சாமான் வைத்துக்கொண்டு இருக்கட்டும். ஆடியில் பால் காய்ச்ச முடியாது. பால் காய்ச்சாமல் குடி வந்ததாக ஆகாது. ஆவணி பிறக்கட்டும், அப்புறம் யோசித்துச் சொல்கிறேன். அதாவது ஒரு மாதத்துக்கு ஷமீம் அந்த வீட்டில் இருப்பாள், ஆனால் குடியிருக்க மாட்டாள்.

அந்த மாதம் அவள் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. ஆனால் பாதிப் பாத்திரங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. நடுவில் ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவர் டிவிஎஸ் வண்டியில் வந்து, புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரித்தாராம். ருக்குமணியக்கா முந்திக்கொண்டு, "டீச்சருங்க. வந்ததும் வந்தீங்க, அந்த மோட்டாரு என்னாச்சுன்னு அப்படியே விசாரிச்சுப்போட்டுப் போங்க" என்றிருக்கிறார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் ஷமீம் அதை நடித்துக்காட்டினாள். ஆனால் ஆடியின் கடைசி ஞாயிறு, வேறொரு குடும்பம் வந்து வீட்டை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுப் போனபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவ்வளவுதான் சாந்தி. ஆடி முடியுது, காத்து நின்னுருச்சு" என்றாள்.

ஆவணி முதல் தேதி காலையில், பள்ளிக்குச் சேர்ந்து போகலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ருக்குமணியக்கா, கையில் பால் செம்புடன். குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"சட்டி எங்கீங்க?"

"பெட்டியில இருக்குதுங்க" என்றாள் ஷமீம்.

"பெட்டிக்குள்ள வெச்சா எப்படிப் பாலு காச்சறது? எடுங்க கண்ணு, நேரமாகுது."

ஷமீமின் அம்மாதான் பெட்டியைப் பிரித்தார். அடியில் இருந்ததால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. தட்டு, குண்டா, இட்லிப் பானை எல்லாம் தரை முழுக்கப் பரவின. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அன்றைக்கு நாங்கள் இருவரும் பிரேயருக்குத் தாமதமாகப் போனோம். ஹெட்மிஸ்ட்ரஸிடம், பால் காய்ச்சினோம் மேடம் என்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்து நோட்டை எங்கள் பக்கம் தள்ளினார்.

அவர்கள் அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தார்கள். ருக்குமணியக்காவுக்கு மனசு மாறியதா, வீடு காலியாகக் கிடந்ததுதான் காரணமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. மல்லிகை கொடுத்த அம்மாவும் கெட்டவரில்லை. அவருடைய காலி வீட்டில் ராத்திரி யாரும் சீட்டாட வந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தங்கைக்கு நான் சொல்லக்கூடியவை: உக்கடத்திலிருந்தோ காந்திபுரத்திலிருந்தோ திருச்சி ரோட்டுப் பஸ்ஸைப் பிடியுங்கள். வழியில் ஒண்டிப்புதூரையும் பாருங்கள். சொல்லியனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால், உங்கள் விலாசத்தைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்கவில்லை என்றால் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பஸ். முடிந்தால் ஆடியில் போங்கள், போட்டி குறைவு. பால் காய்ச்சும் சட்டியை மட்டும் பெட்டியில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.