ஆமென் சொல்லாத வரிசை

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு லுத்தரன் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தது தேவ அழைப்பினால் அல்ல. வேறு யாரும் அழைக்கவில்லை, அவ்வளவுதான். அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுகிற விசுவாசி நான்.

எங்கள் சபையில் பாதிரியாரை ஐயர் என்போம். பள்ளித் தாளாளரும் அவர்தான். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, பாடம் யாரு வேணும்னாலும் நடத்திருவாக. பிள்ளைகளுக்கு முன்னால மனசு உருகி ஜெபம் பண்ணணும். அதைப் பாத்துட்டுத்தான் உம்மை நிரந்தரம் பண்றது."

என் முறை வந்த காலையில் மனசு உருகவில்லை. கண்ணை மூடியதும் தெரிந்த வசனமெல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டது. திருச்சுழிப் பக்கம் கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்ததால் மழை கேட்கச் சொல்லியிருந்தார் ஐயர். என் வாயில் வந்ததோ தாசில்தாருக்கு எழுதுகிற மனு: "ஆண்டவரே, எங்கள் பகுதிக்கு மழை வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு..." என்று போய், எப்படியோ "ஆமென்" என்று கரையேறினேன்.

முன்வரிசையில் இருந்த, வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகள் ஆமென் என்று கத்தினார்கள். கடைசி வரிசை, நெசவாளர் தெருப் பிள்ளைகள், வாயைத் திறக்கவில்லை. என் லட்சணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்களோ? வகுப்பில் அந்த வரிசைக் கெட்டிக்காரி ஒருத்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா ஆமென் சொல்லல?"

"தெருவுல தறிக்குப் பாவு நூலை விரிச்சு இப்பத்தான் கஞ்சி போட்டிருக்காக சார். அது காயுறதுக்குள்ள, நாங்களும் சொன்னா மழை வந்துருமே!"

வீட்டில் தெலுங்கு பேசி, குலதெய்வம் சௌடம்மனைக் கும்பிடுகிற பிள்ளை. என் ஜெபத்தை நம்பிய முதல் ஆள் அவள்தான். அன்று மத்தியானத்துக்குள் மழை கொட்டியது.

ஐயர் என்னைக் கட்டிக்கொண்டார். "கர்த்தர் உம்ம சத்தத்தைக் கேட்டுட்டாரு தம்பி!" வேலை நிரந்தரமானது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

தெருவுக்குப் போனேன். பாவு நனைந்து நூலோடு நூல் ஒட்டிக் கிடந்தது. விட்ட வேலையைப் பிடிக்க வீட்டில் எல்லாக் கையும் வேண்டுமாம். அவள் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். மழை கேட்டது நீங்கதானாமே?" என்றார் அவளுடைய அப்பா, சிரித்துக்கொண்டே.

"அனுப்பிருங்க அண்ணாச்சி. நல்லாப் படிக்கிற பிள்ளை."

"அதுக்கும் ஒரு ஜெபத்தைப் போடுங்களேன்."

போட்டேன். இந்தத் தடவை மனு இல்லை. அழுது, கெஞ்சி, சண்டை போட்டேன். மழையை அரை நாளில் அனுப்பியவர் இதற்கு வாயே திறக்கவில்லை. அவரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார் போலும். இல்லாத ஒருவர் மேல் இவ்வளவு கோபம் வராது என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கு விசுவாசம் வந்தது இப்படித்தான். சபையில் சாட்சி சொல்லத் தோதுப்படாது.

பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குப் போய், தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பாடம் நடத்தினேன். வேலைக்காக இல்லாமல் நான் நடத்திய முதல் பாடம். அவள் நூல் சுற்றியபடி கேட்பாள். பரீட்சை எழுதாமலே கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

ஓய்வு பெறப் போகிற இப்போதும் வானம் பொய்த்தால் மழை கேட்கச் சொல்கிறார்கள். நான் முதலில் கடைசி வரிசையைப் பார்க்கிறேன். "ஏலே, இன்னைக்கு யாரு வீட்டுல பாவு விரிச்சிருக்கு?" ஒரு கை தூக்கினாலும் மழையை விட்டுவிட்டு, எல்லாருக்கும் சுகம் கேட்டு முடித்துக்கொள்வேன்.

அன்றைக்கு முன்வரிசை ஆமென் சொல்வதில்லை.