கீழ இருந்து மூணாவது காம்பரா

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல ஞாயித்துக்கிழமைன்னா எனக்குக் கோவம் காலையிலயே ஆரம்பிச்சிரும். வேன் வேனா வருவாங்க. கொழும்புல இருந்து, கண்டியில இருந்து, சில நேரம் வெளிநாட்டுல இருந்தும். எல்லாம் எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி, அதே வரிசையில இருக்கிற காம்பராவப் பாக்கத்தான். அங்கதான் அந்த எழுத்தாளர் பொறந்தாராம். தோட்டத்துச் சனங்க பட்ட பாட்டையெல்லாம் எழுதி ஊரறிய வச்ச பெரிய மனுசர். கல்யாணம் கட்டல, செத்தும் ரொம்ப வருசமாச்சு. அவரு பேருல ஒரு குழு இருக்கு. ஹட்டன்ல இருக்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருத்தர்தான் அதுக்குத் தலைவர். ஆளில்லாமப் பூட்டிக் கெடந்த காம்பராவ நிர்வாகத்துக்கிட்டப் பேசி வாங்கி, புதுத் தகரம் போட்டு, வெள்ளையடிச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவரோட பேனா, மூக்குக்கண்ணாடி, பழைய கோட்டு எல்லாம் வச்சிருக்காங்க.

நாங்க ரெண்டு வீடு தள்ளி ஒழுகுற கூரைக்கடியில சட்டி வச்சிக்கிட்டு இருக்கோம். வர்றவங்க அங்க பாத்து முடிச்சிட்டு அப்பிடியே எங்க இஸ்தோப்புத் திண்ணையில ஏறி உள்ள எட்டிப் பாப்பாங்க. "இதுல இன்னமும் ஆளுங்க இருக்காங்களா?"ம்பாங்க. இல்லைங்க, பேய்தான் குடியிருக்குன்னு சொல்ல வாய் வரும். அம்மாவுக்காக அடக்கிக்குவேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, அது அவரு பொறந்த வீடே இல்ல.

கீழ இருந்து மூணாவது காம்பராவுல பொறந்தேன்னு அவரே சொல்லி வச்சிட்டுப் போயிருக்காரு. குழுக்காரங்க வந்து கீழ இருந்து எண்ணினாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. எண்ணின கையோட பலகையையும் மாட்டிட்டாங்க. ஆனா கீழ்ப் பக்கம் இருந்த ரெண்டு காம்பரா, நான் சின்னப் புள்ளையா இருக்கையில ஒரு மழைக்கு மண்ணு சரிஞ்சு போயிருச்சு. இப்ப அந்த எடத்துல தண்ணி ஓடுற கானும் வாழையுந்தான். அப்ப மூணாவதா இருந்தது இப்ப மொதல் காம்பரா. அது எங்க வீடு.

இந்த விசயம் தெரிஞ்ச பெரியவங்க எல்லாம் போய்ச் சேந்துட்டாங்க. மிச்சம் எங்கம்மாவும் நானும். நாங்க வாயே தொறக்கல. எதுக்குத் தொறக்கணும்? லயத்துக் காம்பரா குடியிருக்கிறவனுக்குச் சொந்தமில்ல, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டுல ஒரு ஆளாவது தோட்டத்து வேலைக்குப் போகணும். அப்பா செத்துப் போனாரு. அம்மா காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓஞ்சு வீட்டுல இருக்காங்க. நான் ஹட்டன்ல புடவைக்கடையில நிக்கிறேன். தோட்டத்து வேலைய மேல்பார்வை பாக்குற கண்டாக்கையா ஏற்கனவே ரெண்டு தரம் வாசல்ல நின்னு, "ஒங்க வீட்டுல இருந்து இப்ப யாரு வேலைக்கு வர்றது?"ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டுட்டுப் போனாரு. அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல. இந்த நெலமையில, எழுத்தாளர் பொறந்தது இந்த வீடுதான்னு வேற தெரிஞ்சா கதை முடிஞ்சுது. எழுபது தாண்டின மனுசியக் கூட்டிக்கிட்டு நான் எந்தக் காட்டுக்குப் போவேன்?

போன மழைக்காலம் முடியிற நேரம், அதிபர் லயத்துக்கு வந்து வீடு வீடாச் சொன்னாரு. எழுத்தாளரோட சொந்தத் தங்கச்சி தமிழ்நாட்டுல இருந்து வர்றாங்களாம். கப்பல்ல சனங்கள இந்தியாவுக்கு அனுப்புன காலத்துல, தாய் தகப்பனோட போனவங்க. அண்ணனுக்கு மட்டும் இந்தியாக்காரன்னு பேப்பர் வரல. அவரு இங்கயே நின்னுட்டாரு. அதுக்கப்புறம் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்லையாம். "வர்ற ஞாயிறு எல்லாரும் வந்துருங்க, வாசல சுத்தமா வச்சிருங்க"ன்னு சொல்லிட்டு அவரு போனாரு. தலை சீவிக்கிட்டு இருந்த அம்மா சீப்பக் கீழ வச்சிட்டாங்க.

"அந்தப் புள்ள வந்தா தெரிஞ்சிரும்டி."

"எப்பிடித் தெரியும்? எல்லாக் காம்பராவும் ஒரே அச்சு. எங்கண்ணாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது."

"பாறை இருக்கே" அப்பிடின்னாங்க.

எங்க வீட்டுக் கோடியில, பின் கதவத் தொறந்த ஒடனே, படுத்த எருமை கணக்கா ஒரு பாறை கெடக்கு. லயத்துலயே வேற எந்த வீட்டுக்குப் பின்னாடியும் அப்பிடி ஒண்ணு இல்ல. நாலு சட்டியின்னா ஒளிச்சு வைக்கலாம், பாறைய எங்க கொண்டுபோயி ஒளிக்கிறது?

"அவங்க போன அன்னைக்குத்தான், கல்யாணமான கையோட, நாங்க இந்த வீட்டுக்கு வந்தோம். அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு"ன்னாங்க அம்மா. பாத்தா என்னன்னு கேட்டேன். சீப்ப எடுத்து மறுபடி சீவ ஆரம்பிச்சாங்க. அந்த வாரம் முழுக்க அவங்க சரியாத் தூங்கல. நானும் கடையில துணி அளக்கையில ரெண்டு தரம் தப்பா வெட்டி மொதலாளிக்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்ச ஒடனே ஒரு யோசனை வந்துச்சு. வீட்டுல இருந்த கம்பளி, சேலை, சாக்கு, ஜன்னல் துணி, கைக்கு அம்பிட்டது எல்லாத்தையும் நனைச்சு பாறை மேல விரிச்சேன். ஒரு மூலை தெரியாம மூடிட்டேன். வானம் கறுத்துத் தூறிக்கிட்டுக் கெடக்கு, மூட்டம் எறங்கி எதிர் மலையே தெரியல. அந்த மழையில துணி காயப் போட்ட ஒரே கிறுக்கி நான்தான்.

பத்து மணி போல வேன் வந்துச்சு. எறங்கினாங்க அந்தம்மா. சின்ன உருவம், நரைச்ச முடிய இழுத்து முடிஞ்சு, சேலைக்கு மேல சுவெட்டர். மாலை போட்டாங்க, பொட்டு வச்சாங்க, அதிபர் ஒரு பேச்சுப் பேசினாரு. கண்டாக்கையாவும் நிர்வாகத்து சார்பா வந்து நின்னாரு. எங்கம்மா வீட்ட விட்டு வெளிய வரல. நான் கூட்டத்தோட கூட்டமா அந்தக் காம்பரா வாசல்ல போயி நின்னுக்கிட்டேன்.

உள்ள போன அந்தம்மா பேனாவப் பாத்தாங்க, கண்ணாடியப் பாத்தாங்க. கோட்டு இருந்த பெட்டி மேல ரொம்ப நேரம் கைய வச்சிருந்தாங்க. சரி, அழுதுட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். அப்பத்தான், "பின் கதவத் தொறங்க"ன்னாங்க.

தொறந்தாங்க. வெளிய போயி நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தாங்க.

"பாறை எங்க?"

"என்ன பாறைங்கம்மா?" அதிபர் முழிச்சாரு.

"எங்க கோடியில ஒரு பாறை இருக்கும். நானும் அண்ணனும் அதுமேலதான் ஏறி ஒக்காந்துக்குவோம்."

"அதையெல்லாம் எப்பவோ ஒடைச்சு ரோட்டுக்குப் போட்டுட்டாங்க!" நான்தான் கத்தினேன். குரல் எனக்கே பெருசாக் கேட்டுச்சு. அதிபரு, "இருக்கும், இருக்கும்"னு தலையாட்டினாரு. அந்தம்மா மட்டும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க.

"நீங்க யாரும்மா?"

"இங்கதான். பக்கத்துல."

அவங்க லயத்துக்குப் பின்னாடியே கீழ நடக்க ஆரம்பிச்சாங்க. "வழுக்குங்க, போகாதீங்க, அட்டை ஏறும்"னு சொல்லிக்கிட்டே நான் பின்னால ஓடினேன். காதுலயே வாங்கல. எங்க வீட்டுக்குப் பின்னாடி வந்து நின்னாங்க. ஈரக் கம்பளியோட ஒரு மூலைய ரெண்டு வெரலால தூக்கினாங்க. அடியில கல்லு. உள்ளங்கைய அது மேல வச்சாங்க.

அதிபர் கானப் பாத்தாரு, வாழையப் பாத்தாரு, லயத்தப் பாத்தாரு. அவரு வாய் மெதுவா முணுமுணுத்து எண்ணுறது எனக்குத் தெரிஞ்சுது. "ஐயையோ, தப்பான வீட்டுல வச்சிட்டோமே"ன்னு தலையில கைய வச்சாரு. ஒடனே, "பரவாயில்ல, நாளைக்கே தோட்டத்துத் தொரைக்கிட்டப் பேசுறேன். எல்லாத்தையும் இங்க மாத்திருவோம். இவங்க அந்தக் காம்பராவுக்குப் போயிரலாம்"னாரு. நல்ல மனுசர்தான். புதுத் தகரத்துக்கடியில எங்கள வைக்கலாம்னு நெனச்சிருப்பாரு.

கண்டாக்கையா கனைச்சாரு. "அது சரிவராது சேர். இந்த வீட்டுல வேலைக்கு ஆளே இல்ல. காலி பண்ணிட்டா இன்னொரு காம்பரா இவங்களுக்கு எழுத முடியாது."

"அப்ப நாங்க என்ன, இந்தப் பாறை மேல ஏறி ஒக்காந்துக்கிறதா?" நான் முன்னாடி வந்து நின்னேன். "செத்தவருக்கு வீடு தேடுறீங்க, உசுரோட இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரியலையா? அவரு யாருக்காக எழுதினாரு சேர்?" இன்னும் என்னென்னமோ கத்தினேன். பின் கதவத் தொறந்து அம்மா வெளிய வந்தாங்க. அதுக்கப்புறந்தான் நான் நிறுத்தினேன்.

அந்தம்மா அம்மாவ ஏற எறங்கப் பாத்தாங்க.

"நீங்கதான அந்தக் கல்யாணப் பொண்ணு?"

"ஆமா தாயி."

அவங்க எங்க எல்லாரையும் பாத்துச் சொன்னாங்க. குரல ஒசத்தவே இல்ல. "நாங்க போன அன்னைக்கு லொறி வர நேரமாயிருச்சு. நாங்க முன் வாசல்ல மூட்டையோட மழையில நின்னோம். கணக்கப்புள்ள இவங்கள உள்ள போகச் சொல்லிட்டாரு. புதுசா வர்ற புள்ளைக்கு ஒதவட்டும்னு எங்கம்மா அடுப்ப அணைக்காம விட்டுட்டு வந்திருந்துச்சு. அந்த நெருப்புலதான் இவங்க சோறு பொங்கினாங்க. வாசம் வெளிய வந்துச்சு. காலையில இருந்து எங்க வயித்துல ஒண்ணுமில்ல." அம்மா பக்கம் திரும்பினாங்க. "வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னு நீங்க கூப்பிடல."

இது எனக்குத் தெரியாத கதை. இருந்தாலும் அம்மாவுக்காகச் சொல்ல நூறு சாக்கு என் நாக்கு நுனியில வந்துச்சு. புதுப் பொண்ணு, மாமியாருக்குப் பயந்திருப்பாங்க, இருந்ததே ஒரு பிடி அரிசியா இருந்திருக்கும். அம்மா எதாச்சும் ஒண்ணச் சொல்லித் தப்பிச்சிரணும்னு உள்ளுக்குள்ள துடிச்சேன்.

"கூப்பிடல தாயி"ன்னாங்க அம்மா. அவ்வளவுதான்.

போச்சு, வீடு போச்சுன்னு நெனச்சேன். கதவு நெலையப் புடிச்சிக்கிட்டேன்.

அந்தம்மா அதிபர் பக்கம் திரும்பினாங்க. "இந்த வீட்டுல யாரும் கை வைக்கக் கூடாது."

"இல்லங்கம்மா, வரலாறுன்னு ஒண்ணு இருக்கில்ல..."

"என்னங்க பெரிய வரலாறு? மூட்டையத் தூக்கிக்கிட்டு மழையில நின்னவ நான். எங்கண்ணன் பேரச் சொல்லி இன்னொரு குடும்பத்த அப்பிடி நிக்க வச்சீங்கன்னா, அந்தப் பேனா, கண்ணாடி, கோட்டு எல்லாத்தையும் இப்பவே எடுத்து இந்தப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிருவேன். அவனுக்கு உரிமைன்னு நான் ஒருத்திதான் மிச்சம்." அப்புறம் கண்டாக்கையாவப் பாத்து, "ஒங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்"னாங்க.

"நான் எதையும் பாக்கலங்கம்மா" அப்பிடின்னு அவரு குடைய விரிச்சாரு. அதிபரும், "சரிங்கம்மா, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்"னாரு.

அம்மா அழுதுக்கிட்டே கிட்டப் போயி அவங்க கையப் புடிக்கப் பாத்தாங்க. அந்தம்மா கைய இழுத்துக்கிட்டாங்க.

"நான் மறந்துட்டேன்னு நெனச்சிராதீங்க. வீடு வேற, அது வேற."

வேன்ல ஏறிப் போயிட்டாங்க.

எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல, பொய் சொல்ல மாட்டேன். "பொழச்சோம்மா, பொழச்சோம்!"னு கத்திக்கிட்டே பாறை மேல கெடந்த ஈரத்தையெல்லாம் அள்ளிக்கிட்டு உள்ள வந்தேன். பசி கண்ணக் கட்டுச்சு. அம்மா அடுப்புக்கு முன்னாடி ஒக்காந்திருந்தாங்க. அடுப்புல ஒண்ணுமில்ல. சரி, நானே பொங்குறேன்னு அரிசியக் கழுவி வச்சிட்டு நெருப்புப் பெட்டிய எடுத்தேன்.

"இன்னைக்கு வேணாம்டி" அப்பிடின்னு என் கையில இருந்து அத வாங்கி மடியில வச்சிக்கிட்டாங்க.

மழையில நனைஞ்சிக்கிட்டே பேக்கரிக்குப் போயி ஒரு றாத்தல் பாண் வாங்கிட்டு வந்தேன். நான் தின்னேன். அம்மா அதையும் தொடல.