பொன்கொரண்டிக் கஷாயமும் நெல்லுச்சோறும்

சோறு வயிற்றுக்குள் போய்ச் சர்க்கரையாகாமல் தடுக்கிற வேர் ஒன்று உண்டு. பொன்கொரண்டி என்று பெயர். அதெல்லாம் பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். நன்றாக வேலை செய்யும். அது வேலை செய்ததால்தான் என் கல்யாணமே நின்றது.

அப்பாவுக்கு நீரிழிவு. வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது அதைக் குஷ்டம் மாதிரி மறைப்பார்கள். கொல்லையில் அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கும். யார் கண்ணிலும் படாமல் அம்மா சாம்பலைத் தூவி மூடிவிடுவாள். அரும்பாவூர் வைத்தியர் நெல்லுச்சோற்றை நிறுத்தி, வரகும் கேழ்வரகும் தின்னச் சொல்லி, தினம் அரை டம்ளர் பொன்கொரண்டிக் கஷாயம் குடிக்கச் சொல்லியிருந்தார். கஷாயத்தைக்கூட அப்பா மடக்கென்று குடித்துவிடுவார். வரகைப் பார்த்தால்தான் மூஞ்சி கோணும். நெல்லுச்சோறு என்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

யுத்த காலம், பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. அந்தக் கரிப்புகையோடு அரியலூரிலிருந்து வந்திறங்கி, என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. எனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது, நிறமும் மட்டு. இதை விட்டால் வேறு வராது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் பக்கம் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு மாறக்கூடாது. உறுதி செய்கிற அன்று இரண்டு தகப்பன்மாரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து நெல்லுச்சோறு சாப்பிட வேண்டும். பெண்ணைப் பெற்றவர் மட்டும் வரகுக் கஞ்சி குடித்தால் வியாதி வெளியே வந்துவிடும்.

"பயப்படாதடி. சோறு கூடுனா கஷாயத்தையும் கூட்டிட்டாப் போச்சு. மூணு டம்ளரா ஊத்து" என்றார் அப்பா, அம்மாவிடம். முந்தின நாள் மத்தியானமே ஒத்திகை நடந்தது. கஷாயத்தைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரசித்து, சட்டிச் சோற்றையும் தின்று தீர்த்தார். மறுநாள் விடிகாலை கொல்லையில் ஓர் எறும்பில்லை. அப்பா கைதட்டிச் சிரித்தார். வயிறு மட்டும் லேசாகப் பொருமிக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் படித்த என் தம்பி மகன் பிற்பாடு விளக்கினான். மாவுச்சத்தை உடைக்கிற சாற்றை அந்த வேர் கட்டிப்போட்டுவிடுமாம். உடையாத சோறு அப்படியே குடலின் கடைசிவரை போய், அங்கே புளித்துக் காற்றாகுமாம். நல்லா வெளக்குனடா சாமி, பல வருஷம் கழித்து!

விருந்தன்று மத்தியானம் அப்பா இன்னும் மூன்று டம்ளர் குடித்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார். சம்பந்தி இரண்டு கவளம் விழுங்கியிருப்பார். அப்பாவின் வயிறு உருள்வது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. அடுத்தது பந்திக்கே கேட்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். அப்பா இலையை விட்டு எழுந்து ஓடினார். கொல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் புது வேட்டி நாசமாகிவிட்டது.

பெண்கள் பந்தியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அடுக்களைக்குள் வந்தாள். கஷாயச் சட்டியை மோந்து பார்த்தாள். வாயில் வைத்திருந்த கவளத்தை அதற்குள்ளேயே துப்பினாள்.

"எங்கண்ணன் இதே வேரைக் குடிச்சுத்தான் கால் அழுகிச் செத்தாரு. எனக்குத் தெரியாதா? சக்கரைக்காரன் வூட்டுப் பொண்ணையா எங்க தலையில கட்டப் பாத்தீங்க? நான் முழுங்கல, துப்பிட்டேன். கை நனைச்ச கணக்குல வராது."

அவள் அண்ணனுக்கும் அதே வியாதிதானே என்று யாரும் கேட்கவில்லை. அவள் புருஷன் விழுங்கிய இரண்டு கவளத்தைப் பற்றியும் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல், வெயிலில் பெரம்பலூர்வரை நடந்தே போய்விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் அரும்பாவூர், பெரம்பலூர் என்று பரவியது. அதன்பிறகு என்னைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நெல்லை அம்மா குத்த ஆரம்பித்தாள். வேளைக்கு வேளை அப்பாவுக்கு மட்டும் நெல்லுச்சோறு. எங்களுக்கு வரகு. "தின்னுங்க. இதுக்குத்தானே ஆசப்பட்டீங்க" என்பாள். கஷாயத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். அப்பா முதலில் தலையைக் குனிந்துகொண்டு தின்றார். பிறகு தலையை நிமிர்த்தியே தின்றார். மாதம் போகப் போக உடம்பு உருகியது. கால் பெருவிரலில் பட்ட முள்குத்து ஆறாமல் கறுத்து, வீடே நாறியது.

ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு அப்பா கெஞ்சினார்: "அந்த வேரைக் கொஞ்சம் காய்ச்சித் தாயேன். அரை டம்ளர் போதும்."

அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே என்னைக் கையால் காட்டினாள்.

"எதுக்கு? இவளைப் பாக்க இனிமே எவன் வரப்போறான்?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.