மத்துக் கயிறும் முதல் வலியும்

முதல் வலி எடுத்தபோது நான் பயப்படவில்லை; சிரித்தேன். பேறுகாலத்துக்கு ஏரலில் தாய்வீட்டுக்கு வந்ததிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். ஐப்பசி அடைமழைக் காலம். காலையில் பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தேன். இடுப்பைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது.

"மதினி, வந்துட்டு!" என்று கத்தினேன்.

அண்ணன் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "யாரு வந்துட்டா?"

"வலி!"

அவளும் சிரித்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் முகம் வெளுத்தது. அம்மாவின் தங்கை பிரசவத்தில் இறந்தவள். மருத்துவச்சியின் வீடோ தென்கரையில்; ஆறு செந்நீராக இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தோணித் துறைக்கு ஓடினான். அம்மா சாமி விளக்கின் முன் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மதினி மூன்று பெற்றவள். பாயை விரிக்கப் போன என்னைத் தடுத்தாள். "படுக்காத. படுத்தா வலி உன்ன ஆளும். வா, மோர் கடையலாம்."

தூணில் கட்டிய மத்தின் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "வலி வாரப்ப கயித்த இறுக்கிப் பிடிச்சுக்கோ. மூச்ச அடக்காத, வாயால பைய விடு. போனதும் கட."

வலி வரும், தூணோடு சாய்ந்து மூச்சை ஊதுவேன், மதினி இடுப்பில் விளக்கெண்ணெய் தடவி அழுத்துவாள். வலி போகும், கடைவேன். ஒவ்வொன்றும் போனதும், இன்னும் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது என் பிள்ளை என்று உள்ளே குதியாட்டமாக இருந்தது. வெண்ணெய் திரண்டபோது அதைக்கூடக் கைதட்டிக் கொண்டாடினோம்.

உச்சிப்பொழுதில் சிரிப்பெல்லாம் போய்விட்டது. வலிகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. குடித்த சீரகத் தண்ணீரை வாந்தி எடுத்தேன். கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

"என்னால ஆவாது மதினி. நான் செத்துருவேன்."

"ஆவாதுன்னு சொல்லுதேல்லா? அப்ப புள்ள வாசலுக்கு வந்துட்டு. எனக்கும் மூணு தடவையும் இப்படித்தான்."

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. மருத்துவச்சி முழுக்க நனைந்து வந்து நின்றாள். "தோணிக்காரன் வரமாட்டேம்னுட்டான் தாயி. அண்ணாச்சி சண்ட போட்டு, தானும் ஒரு துடுப்பப் பிடிச்சு வந்துருக்காவ!"

சேலை மாற்றி, கையை நன்றாகக் கழுவி, நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு என்னைத் தொட்டுப் பார்த்தாள். "தல தெரியுது தாயி! இனி முக்கு!"

மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குந்தியபடி முக்கினேன். என்னைக் கிழித்துக்கொண்டு ஒரு சூடு வழுக்கி இறங்கியது. அழுகை இல்லை. மருத்துவச்சி பிள்ளையின் வாயை விரலால் துடைத்து முதுகைத் தேய்த்தாள். பிறகு வந்தது பாருங்கள், வீடு அதிரும் ஓர் அழுகை!

"என்ன புள்ள?" என்று அண்ணன் வெளியிலிருந்து கத்தினான்.

"உங்களுக்கு மருமவ பொறந்துருக்கா!" என்றாள் மதினி.

அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், வாய்விட்டு அழுதாள்.

"யம்மா, பசிக்கி," என்றேன்.

"பெத்த மறுநிமிசம் சோறு கேக்கா பாருங்க!" என்று அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு, அம்மா அடுப்பு மூட்ட ஓடினாள்.